கூடுதல் வாரண்டி: கையெழுத்துப் போடும் முன் கணக்குப் போடுவோம்



முன்பெல்லாம் நம் குழுக்களில் கறவை மாடு, ஆடு, தையல் மெஷின் என்றுதான் கடன் கேட்போம். இப்போது வண்டிக்கும் கேட்கிறோம். மாவு பாக்கெட்டைக் கடை கடையாகப் போட ஸ்கூட்டர் வேண்டியிருக்கிறது. காய்கறியைச் சந்தைக்குக் கொண்டு போக லோடு ஆட்டோ வேண்டியிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்த்து, மடியைத் தொட்டுப் பார்த்து, நாலு பேரிடம் விசாரித்து வாங்குகிற நாம், வண்டி வாங்கும் நாளில் ஷோரூமில் நீட்டும் தாளில் எல்லாம் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம்.

அந்தத் தாள்களில் ஒன்றுதான் "எக்ஸ்டெண்டட் வாரண்டி" என்கிற கூடுதல் வாரண்டி. கம்பெனி கொடுக்கும் வாரண்டி முடிந்த பிறகும் இன்னும் சில காலம் பழுதைப் பார்த்துத் தருவோம், அதற்கு இப்போதே இவ்வளவு பணம் கட்டுங்கள் என்பதுதான் அது. இது நமக்குத் தேவையா, வீண் செலவா? இந்த இதழில் அதைத்தான் படிக்கப் போகிறோம்.

ஒரு குழுக் கூட்டத்தில் நடப்பதாக வைத்துக்கொண்டு பாடத்தைப் பார்ப்போம். இதில் வரும் தொகைகள் கணக்குப் புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. கம்பெனிக்குக் கம்பெனி, வண்டிக்கு வண்டி இது மாறும். உங்கள் வண்டிக்கு உங்கள் தாளில் உள்ள தொகையைப் போட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும்.

கூட்டத்தில் வந்த பேச்சு

வாராந்திரக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்தது. காய்கறி வியாபாரம் செய்யும் அக்கா பேச்சை எடுத்தார்.

"வெள்ளிக்கிழமை லோடு ஆட்டோ டெலிவரிங்க. எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்ப போன் பண்ணி, கூடுதல் வாரண்டிக்கு ஒன்பதாயிரம் கட்டுங்கன்றாங்க. இன்னைக்கே சொன்னாத்தான் உண்டாம். கையில காசு இல்லைன்னா லோன்லயே சேர்த்துடறோம், உங்களுக்குத் தெரியவே தெரியாதுன்றாங்க. வீட்டுக்காரர் 'கட்டிடலாம், பின்னாடி இன்ஜின் போச்சுன்னா யாரு பார்ப்பா'ன்றாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

தையல் வேலை செய்யும் தங்கை சொன்னார்: "எனக்கும் ஸ்கூட்டருக்கு அதே மாதிரி ஆயிரத்து இருநூறு கேட்டாங்கக்கா. வாங்கலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டே இருக்கேன்."

பால் ஊற்றும் அக்காவுக்குக் கோபம். "அதெல்லாம் ஏமாத்து வேலை. நான் போன வண்டிக்குக் கட்டினேன். இன்ஜின்ல சத்தம் வந்துச்சுன்னு கொண்டு போனா, மூணாவது சர்வீஸ் வெளியில பண்ணியிருக்கீங்க, தர முடியாதுன்னுட்டாங்க. கட்டின காசு போச்சு."

ஊக்குநர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "ஏமாத்துன்னும் சொல்ல வேண்டாம், நல்லதுன்னும் சொல்ல வேண்டாம். ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லுவாங்க. நாம முதல்ல அளந்து பார்ப்போம்" என்று சொல்லி நோட்டை விரித்தார்.

மூன்று தாளையும் தனித்தனியாகப் பிரியுங்கள்

வண்டி வாங்கும்போது மூன்று விஷயம் நம் மனதில் ஒன்றாகக் குழம்பிவிடுகிறது. அதைப் பிரித்துக்கொண்டால் பாதி பாடம் முடிந்த மாதிரி.

ஒன்று, இலவச சர்வீஸ். இதில் மெக்கானிக் கூலி மட்டும்தான் இலவசம். ஆயில், ஃபில்டர், தேய்ந்த சாமான் இவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டும். இது வாரண்டி அல்ல.

இரண்டு, இன்சூரன்ஸ். விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் போன்றவற்றுக்கு இதுதான். வாரண்டியில் இதற்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. எதிராளிக்கு நஷ்ட ஈடு கொடுக்கும் 'தேர்டு பார்ட்டி' இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம். 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இரு சக்கர வாகனம் வாங்கும்போதே 5 வருடத்துக்கான தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸைச் சேர்த்து எடுக்க வேண்டும். ஆனால் கவனியுங்கள். நம் சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி பல பாலிசிகளில் ஒரு வருடத்துக்கு மட்டும்தான் இருக்கும். "அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு" என்று நம்பி இருந்துவிடக் கூடாது. லோடு ஆட்டோ போன்ற வாடகை, சரக்கு வண்டிகளுக்கு வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

மூன்று, வாரண்டி. வண்டி செய்த இடத்திலேயே இருந்த குறையால் ஒரு சாமான் கெட்டுப்போனால், கம்பெனி தன் செலவில் பழுது பார்த்தோ மாற்றியோ கொடுப்பது. இது வண்டி விலையிலேயே அடங்கியது. தனியாகக் காசு இல்லை. இது முடிந்த பிறகு வருவதுதான் நாம் பேசும் கூடுதல் வாரண்டி.

கையில் இருப்பது ஒன்பதாயிரம்தான் என்றால், அதை முதலில் இன்சூரன்ஸைச் சரியாக எடுக்கச் செலவு செய்யுங்கள். கூடுதல் வாரண்டி அதற்குப் பிறகுதான்.

"எது முன்னால் வருகிறதோ அது"

வாரண்டித் தாளில் எல்லோரும் வருடத்தைத்தான் பார்க்கிறோம். பக்கத்திலேயே கிலோமீட்டர் போட்டிருக்கும். "இரண்டில் எது முன்னால் வருகிறதோ அத்துடன் முடியும்" என்று சிறிய எழுத்தில் இருக்கும். இந்த ஒரு வரியில்தான் நம் காசே இருக்கிறது.

காய்கறி அக்காவின் தாளில் இப்படி இருந்தது:

கம்பெனி வாரண்டி: 2 வருடம் அல்லது 50,000 கிலோமீட்டர்.
கூடுதல் வாரண்டி சேர்த்தால்: 3 வருடம் அல்லது 75,000 கிலோமீட்டர்.
விலை: 9,000 ரூபாய்.

ஊக்குநர் கேட்டார்: "அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?"

"விடிய 3 மணிக்குத் தோட்டத்துல ஏத்தி, சந்தைக்குப் போய், திரும்பி மூணு ஊரு சுத்தி விக்கறோம். 120 ஆகுமுங்க."

"மாசத்துக்கு எத்தனை நாள்?"

"25 நாள் வைங்க."

அப்படியானால் மாதம் 120 × 25 = 3,000 கிலோமீட்டர்.

50,000 கிலோமீட்டர் ஓட எத்தனை மாதம்? 50,000-ஐ 3,000-ஆல் வகுத்தால் 17 மாதத்துக்குச் சற்றுக் குறைவு. 2 வருடம் என்று போட்டிருந்த கம்பெனி வாரண்டி ஒன்றரை வருடத்துக்கு முன்பே முடிகிறது.

75,000 கிலோமீட்டர் ஓட 25 மாதம். அதாவது 3 வருடம் என்று சொன்ன கூடுதல் வாரண்டி, இந்த அக்காவுக்கு 2 வருடம் 1 மாதத்தில் முடிந்துவிடும்.

ஆக, ஒன்பதாயிரம் கொடுத்து அக்கா வாங்குவது ஒரு வருடம் அல்ல. 17-ஆவது மாதத்திலிருந்து 25-ஆவது மாதம் வரைக்கும் உள்ள எட்டு மாதச் சொச்சம்தான். மாதம் ஒன்றுக்கு சுமார் 1,080 ரூபாய் ஆகிறது.

"அடியாத்தி! வருஷக் கணக்குன்னு நெனச்சேனே" என்றார் அக்கா.

லோனில் சேர்த்தால் தெரியாதா?

"லோனில் சேர்த்துவிடுகிறோம், தெரியாது" என்பதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 9,000 ரூபாயை 36 மாதத் தவணையில் கட்டுவதாக வைப்போம். குறைந்து வரும் அசலுக்கு நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்றால் மாதம் 299 ரூபாய் வரும். மொத்தம் சுமார் 10,760 ரூபாய் கட்டியிருப்போம். அதுவே நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி என்றால் மொத்தம் சுமார் 12,710 ரூபாய்.

இன்னொன்றும் கவனியுங்கள். வாரண்டி 25-ஆவது மாதத்திலேயே முடிந்துவிட்டது. தவணை 36-ஆவது மாதம் வரை போகிறது. இல்லாத வாரண்டிக்குப் பதினோரு மாதம் காசு கட்டிக்கொண்டிருப்போம். நமக்குத் தெரியாது என்கிறார்கள். நம் பாஸ் புத்தகத்துக்குத் தெரியும்!

எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது

பெரும்பாலான வாரண்டிகளில் இன்ஜின் உள்ளே இருக்கும் பாகங்கள், கியர் பாக்ஸ் போன்றவை உண்டு. இவை அடிக்கடி பழுதாவதில்லை. ஆனால் பழுதானால் பெரிய செலவு.

அடிக்கடி செலவு வைக்கும் சாமான்கள் எவை? பிரேக் ஷூ, கிளச் பிளேட், டயர், டியூப், கேபிள், பல்பு, ஃபில்டர், ஆயில். இவை ஓட ஓடத் தேய்பவை என்பதால் வழக்கமாக வாரண்டியில் வராது. பேட்டரிக்கு, அதைச் செய்த கம்பெனியின் வாரண்டி தனியாக இருக்கும்.

மேலும், கீழே உள்ளவை நடந்தால் இருக்கிற வாரண்டியும் போய்விடலாம்:

• குறித்த கிலோமீட்டரில், குறித்த நாளுக்குள் சர்வீஸ் செய்யாமல் விடுவது.
• வாரண்டிக் காலத்தில் வெளி மெக்கானிக்கிடம் இன்ஜினைப் பிரிப்பது.
• அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவது.
• ஆயில் இல்லாமல் ஓட்டி இன்ஜின் பிடித்துக்கொள்வது.
• விளம்பரம் சொல்ல மைக் செட், கூடுதல் லைட் மாட்டுவதற்காக வண்டியின் வயரை வெட்டி இணைப்பது.
• சொந்த உபயோகத்துக்கு என்று பதிவு செய்த வண்டியை வாடகைக்கு ஓட்டுவது.

பால் ஊற்றும் அக்கா முகம் மாறியது. "நான் மூணாவது சர்வீஸை வெளியில பண்ணினது, அவங்க சென்டர் 40 கிலோமீட்டர் தள்ளி இருந்ததால. ஒரு நாள் பால் நின்னுபோகும். அதான் பக்கத்துல பண்ணினேன். இதை அன்னைக்கே யாராவது சொல்லியிருந்தா அந்த வாரண்டியே வாங்கியிருக்க மாட்டேன்."

இதுதான் நாம் கற்க வேண்டியது. சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம், அங்கே போனால் ஒரு நாள் பிழைப்பு போகுமா என்பதும் வாரண்டியின் விலைதான். தாளில் அது எழுதியிருக்காது. வாரண்டியில் இலவசமாகப் பழுது பார்த்தாலும், வண்டி நின்ற நாட்களுக்கு வரும்படி நஷ்டத்தை யாரும் தருவதில்லை.

மூன்றில் ஒன்று: மெக்கானிக்கிடம் கேளுங்கள்

இப்போது முக்கியமான கேள்வி. ஒன்பதாயிரம் கொடுப்பது நியாயமா?

காய்கறி அக்காவின் வண்டிக்குப் பெரிய இன்ஜின் வேலை வந்தால் 25,000 ரூபாய் ஆகும் என்று வைப்போம். 9,000 என்பது 25,000-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அப்படியென்றால், இதே மாதிரி வண்டி மூன்று இருந்தால், அதில் ஒன்றுக்காவது அந்த எட்டு மாதத்துக்குள் இப்படிப் பெரிய வேலை வர வேண்டும். அப்போதுதான் கொடுத்த காசுக்குச் சமம்.

இது நடக்குமா? ஷோரூமில் கேட்டால் பயம்தான் காட்டுவார்கள். கூடுதல் வாரண்டி விற்றால் விற்பவருக்கும் அதில் ஆதாயம் உண்டு. ஆகவே வேறு இரண்டு இடத்தில் கேளுங்கள். ஒன்று, அதே வண்டியைப் பழுது பார்க்கும் மெக்கானிக். இரண்டு, அதே வண்டியை மூன்று வருடமாக ஓட்டும் ஸ்டாண்டுக்காரர்கள். "உங்க ஸ்டாண்டுல இந்த வண்டி எத்தனை இருக்கு? 50,000 ஓடினப்புறம் 75,000-க்குள்ள எத்தனை வண்டிக்கு இன்ஜினைப் பிரிச்சீங்க?" என்று எண்ணிக்கையாகக் கேட்க வேண்டும். "நல்ல வண்டியா?" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும்.

பத்து வண்டியில் ஒன்று என்று சொன்னால், ஒன்பதாயிரம் அதிகம். பத்தில் நான்கு என்றால் வாரண்டி வாங்குவதைவிட, அந்த வண்டியையே வாங்கலாமா என்று யோசிக்க வேண்டும்!

பழுதுச் சேமிப்பு

அப்படியானால் பழுது வந்தால் என்ன செய்வது? வாரண்டி வாங்காதவர்கள் அந்தப் பணத்தைச் செலவு செய்துவிடக் கூடாது. அதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இதைத்தான் பழுதுச் சேமிப்பு என்கிறோம்.

9,000 ரூபாயை 25 மாதத்தில் சேர்க்க மாதம் 360 ரூபாய் போதும். வண்டி ஓடும் ஒரு நாளைக்கு 15 ரூபாய் கூட ஆகாது. இதைக் குழுவில் தனிச் சேமிப்பாகப் போடலாம், அல்லது வங்கிக் கணக்கில் தனியாக வைக்கலாம். வீட்டு உண்டியலில் வேண்டாம். பள்ளிக்கூட ஃபீஸ் வந்தால் உண்டியல் காலியாகிவிடும்.

இந்தச் சேமிப்பால் என்ன லாபம்?

• கிளச் பிளேட்டுக்கும் டயருக்கும் எடுக்கலாம். வாரண்டியில் அது முடியாது.
• எந்த மெக்கானிக்கிடமும் போகலாம்.
• பழுதே வரவில்லை என்றால் பணம் நம்முடையது. வாரண்டியில் போட்ட பணம் திரும்பாது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். 18-ஆவது மாதத்தில் 25,000 ரூபாய் வேலை வந்தால் நம் சேமிப்பில் 6,480 ரூபாய்தான் இருக்கும். மிச்சத்துக்குக் குழுவில் உள்கடன் வாங்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் வண்டித் தவணையும் ஓடும். இரண்டையும் தாங்க முடியுமா என்று குடும்பத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். தாங்கவே முடியாது, வண்டி நின்றால் அடுப்பு எரியாது என்ற நிலையில் உள்ளவர்கள், கணக்கில் கொஞ்சம் நஷ்டமானாலும் வாரண்டி வாங்குவதில் தவறில்லை. ஆயுள் காப்பீடு எடுப்பது லாபத்துக்கு அல்லவே! பெரிய அடியைத் தாங்குவதற்குத்தானே. அது போலத்தான் இதுவும்.

யாருக்கு வாங்குவது நல்லது?

தையல் தங்கையின் கணக்கைப் பாருங்கள். அவர் ஸ்கூட்டருக்குக் கம்பெனி வாரண்டி 3 வருடம் அல்லது 36,000 கிலோமீட்டர். கூடுதல் வாரண்டி சேர்த்தால் 5 வருடம் அல்லது 60,000 கிலோமீட்டர். விலை 1,200 ரூபாய்.

அவர் ஓட்டுவது ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்றால் 375. ஐந்து வருடத்திலும் 22,500 கிலோமீட்டர்தான். கிலோமீட்டரால் வாரண்டி முடியாது. கூடுதலாக முழுதாக 24 மாதம் கிடைக்கிறது. மாதம் 50 ரூபாய்தான். பெரிய வேலை வந்தால் 6,000 ரூபாய் என்று வைத்தால், ஐந்து வண்டியில் ஒன்றுக்கு இரண்டு வருடத்தில் வேலை வந்தாலே காசு சரியாகிவிடும். சர்வீஸ் சென்டரும் அவர் துணி வாங்கப் போகும் டவுனிலேயே இருக்கிறது.

ஒரே மாதிரித் தாள்தான். காய்கறி அக்காவுக்குச் சரிப்படாதது தங்கைக்குச் சரிப்படுகிறது. "பக்கத்து வீட்டுல வாங்கினாங்க" என்று நாமும் வாங்கக் கூடாது. அவர்கள் வாங்கவில்லை என்று நாமும் விடக் கூடாது.

பேட்டரியில் ஓடும் வண்டி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வண்டியில் பெரிய செலவு பேட்டரிதான். ஆகவே பேட்டரிக்கு எத்தனை வருடம் வாரண்டி, சார்ஜ் எந்த அளவுக்குக் குறைந்தால் மாற்றித் தருவார்கள், புதிய பேட்டரியின் இன்றைய விலை என்ன, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூடுதல் வாரண்டியில் பேட்டரி அடங்கவில்லை என்றால் அது நமக்கு அவ்வளவாகப் பயன்படாது.

ஷோரூமில் கேட்க வேண்டிய எட்டுக் கேள்விகள்

இதைத் தனித்தாளில் எழுதி எடுத்துப் போங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றையும் கூட்டிப் போங்கள்.

1. இந்த வாரண்டியைக் கொடுப்பது யார்? வண்டிக் கம்பெனியா, ஷோரூமா, வேறு நிறுவனமா?
2. எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் முடியும்?
3. எந்தெந்த சாமானுக்கு உண்டு, எதற்கு இல்லை? பட்டியல் கொடுங்கள்.
4. சாமானும் கூலியும் இரண்டும் இலவசமா? வரி சேர்த்து மொத்த விலை எவ்வளவு?
5. சர்வீஸ் எங்கே செய்ய வேண்டும்? வெளியூரில் நின்றால் அங்குள்ள சென்டரிலும் பார்ப்பார்களா?
6. வாடகைக்கோ சரக்குக்கோ ஓட்டினாலும் செல்லுமா?
7. வண்டியை விற்றால் வாங்குபவருக்கு வாரண்டி மாறுமா?
8. இன்றே வாங்க வேண்டுமா, பிறகும் வாங்கலாமா? கடைசி நாள் எது?

எட்டாவது கேள்வி மிக முக்கியம். பல கம்பெனிகளில் முதல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் கூடுதல் வாரண்டி வாங்கலாம். விலை கொஞ்சம் கூடலாம், வண்டியைப் பரிசோதித்துவிட்டுத் தரலாம். ஆனால் அதற்குள் வண்டி எப்படி, மாதம் எவ்வளவு ஓடுகிறது என்பது நமக்கே தெரிந்துவிடும். "இன்றே கடைசி" என்பது பல நேரம் நம்மை அவசரப்படுத்தச் சொல்வதுதான்.

"இதை வாங்கினால்தான் டெலிவரி" என்று யாராவது சொன்னால் பணிய வேண்டாம். ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தவறான வணிக முறையாகவே வைத்திருக்கிறது.

வாரண்டி இருந்தும் மறுத்தால்

முதலில் ஆதாரம் வேண்டும். வாரண்டிப் புத்தகம், பணம் கட்டிய ரசீது, ஒவ்வொரு சர்வீஸ் பில், ஜாப் கார்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். குழுவின் தீர்மானப் புத்தகத்தை எப்படிப் பத்திரமாக வைக்கிறோமோ அப்படி. வண்டியை விடும்போது என்ன குறை என்று நாம் சொன்னது ஜாப் கார்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

"தர முடியாது" என்றால், ஏன் தர முடியாது என்பதை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. பிறகு வண்டிக் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம்.

அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நாமே பேசலாம். வக்கீல் தேவை என்றால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அதற்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100.

"நீங்கள் வியாபாரத்துக்கு வண்டி வாங்கியவர், நுகர்வோர் இல்லை" என்று சிலர் சொல்வார்கள். பயப்பட வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் சொல்கிறது.

கூட்டத்தின் முடிவு

காய்கறி அக்கா அந்த இடத்திலேயே ஷோரூமுக்குப் போன் போட்டார். எட்டாவது கேள்வியை முதலில் கேட்டார். "முதல் வாரண்டி முடியறதுக்குள்ள எப்ப வேணும்னாலும் வாங்கலாம்மா, விலை கொஞ்சம் கூடும்" என்று பதில் வந்தது. "அப்படின்னா அதை எழுதிக் கொடுங்க. இப்ப வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாதம் 360 ரூபாய் பழுதுச் சேமிப்புப் போடுவதாகச் சொன்னார். குழு அதைத் தீர்மானமாக எழுதியது. 12-ஆவது மாதம் கிலோமீட்டரைப் பார்த்து, வண்டியின் நிலையைப் பார்த்து, மறுபடியும் கணக்குப் போடுவது என்று முடிவானது.

தையல் தங்கை 1,200 ரூபாய் கட்டுவது என்று முடிவு செய்தார். லோனில் சேர்க்காமல் கையிலிருந்து கட்டுகிறார். சர்வீஸ் தேதிகளை வீட்டு நாள்காட்டியில் குறித்து வைப்பதாகச் சொன்னார்.

பால் ஊற்றும் அக்கா கடைசியில் சொன்னார்: "நான் அன்னைக்குத் தனியா போனேன். இனிமே நம்ம குழுவுல யார் வண்டி எடுத்தாலும் நானும் கூட வரேன். அந்த எட்டுக் கேள்வியை நானே கேக்கறேன்."

சகோதரிகளே, குழுவின் பலம் இதுதான். தனியாகப் போனால் தாளில் கையெழுத்துப் போடுகிறோம். சேர்ந்து போனால் தாளைப் படிக்கிறோம்.

உங்கள் குழுக் கூட்டத்தில் செய்து பாருங்கள்

1. குழுவில் வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் தங்கள் வாரண்டிப் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள். வாரண்டி இன்னும் உயிரோடு இருக்கிறதா? எந்தத் தேதி, எந்தக் கிலோமீட்டர் வரை?

2. ஒரு உறுப்பினர் நாளைக்கு 80 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓட்டுகிறார். காய்கறி அக்காவுக்குக் கொடுத்த அதே வாரண்டி அவருக்கு எந்த மாதத்தில் முடியும்? கூடுதல் வாரண்டியில் அவருக்கு எத்தனை மாதம் கிடைக்கும்? (விடை: மாதம் 2,000 கிலோமீட்டர். 2 வருடத்தில் 48,000. ஆகவே முதல் வாரண்டி 24-ஆவது மாதத்தில் முடியும். 3 வருடத்தில் 72,000. ஆகவே கூடுதலாக முழு 12 மாதம் கிடைக்கும். மாதம் 750 ரூபாய் ஆகிறது.)

3. போன வருடம் உங்கள் வண்டிப் பழுதுக்கு மொத்தம் எவ்வளவு செலவானது? அதில் வாரண்டியில் வரக்கூடியது எவ்வளவு, வராதது எவ்வளவு? பில்லை வைத்துப் பிரித்து எழுதுங்கள்.

4. உங்கள் குழுவில் பழுதுச் சேமிப்பு தொடங்க முடியுமா? மாதம் எவ்வளவு? எந்தெந்தச் செலவுக்கு எடுக்கலாம் என்று தீர்மானம் எழுதுங்கள்.

படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு இந்தப் பாடத்தைக் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.